அடி விழாத பழைய பலூன் துப்பாக்கியைச் சரிசெய்வது எப்படி

பங்குனி பிறந்துவிட்டால் செல்லூரில் இருக்கும் எங்கள் சைக்கிள் கடைக்குக் கோணியில் சுற்றிய துப்பாக்கிகள் வர ஆரம்பிக்கும். அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் வைகைக் கரையிலும் தல்லாகுளம் பக்கமும் பலூன் சுடும் கடை போடுகிறவர்கள் கொண்டுவருவது. இங்கே முடித்துவிட்டு அப்படியே வீரபாண்டித் திருவிழாவுக்குப் போவார்கள். அப்பா காலத்திலிருந்தே இந்த வேலை எங்களிடம் வருகிறது. காரணம் எளிது: சைக்கிள் பம்புக்குத் தோல் வாஷர் போடத் தெரிந்தவனுக்குப் பலூன் துப்பாக்கிக்கும் போடத் தெரியும்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். "தம்பி, அடி விழ மாட்டேங்குது. ஸ்பிரிங்கு போயிருச்சு, மாத்திவிடு." திறந்து பார்த்தால் ஸ்பிரிங் நன்றாகவே இருக்கும். தோல்தான் காய்ந்து கருவாடாகிக் கிடக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: ஸ்பிரிங்கைத் தேடி அலைவதற்கு முன் தோலைப் பாருங்கள். பத்தில் ஏழெட்டுத் துப்பாக்கி தோலை மாற்றியதுமே எழுந்து உட்கார்ந்துவிடும்.

இங்கே நான் பேசுவது பேரலை ஒடித்து, அதாவது மூட்டில் கீழே மடக்கி, ஸ்பிரிங்கை ஏற்றுகிற, 4.5 மி.மீ ரவை போடுகிற சாதாரண ஏர் கன் பற்றி மட்டுமே. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதைத் தாண்டியவை வேறு வகை. அவற்றைத் தொடவே வேண்டாம். பழைய துப்பாக்கியை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் நம் வேலை. அதைவிடப் பலமாக ஆக்குவது நம் வேலை இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது

பேரலை ஒடிக்கும்போது அதன் அடியில் இருக்கும் கம்பி பிஸ்டனைப் பின்னால் தள்ளுகிறது. பிஸ்டன் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு போய் ஒரு கொக்கியில் மாட்டி நிற்கிறது. ட்ரிகரை இழுத்தால் கொக்கி விடுகிறது. ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் அடிக்க, சிலிண்டரில் இருக்கும் காற்று நசுங்கி, ஒரு சின்னத் துளை வழியாகப் பேரலுக்குள் பாய்ந்து ரவையைத் தள்ளுகிறது. ஆக, ரவையைத் தள்ளுவது காற்று. ஸ்பிரிங் எவ்வளவு பலமாக இருந்தாலும், பிஸ்டன் முனையில் இருக்கும் தோல் வாஷர் காற்றைப் பிடித்து நிறுத்தவில்லை என்றால் அத்தனை பலமும் ஓரத்தில் கசிந்துபோகும். சைக்கிள் பம்பில் வாஷர் தேய்ந்துவிட்டால் எவ்வளவு அடித்தாலும் டியூபில் காற்று ஏறாதே, அதே கதைதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரவை போடாமல் வெறுமனே சுடக்கூடாது. ரவை இருந்தால் காற்று ஒரு நொடி தேங்கி, பிஸ்டன் முட்டும் இடத்தில் மெத்தைபோல் நிற்கும். ரவை இல்லையென்றால் மெத்தையும் இல்லை. பிஸ்டன் நேரே போய் இரும்பில் மோதும். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் பையன்கள் சும்மா ஒடித்து ஒடித்துத் தட்டிக்கொண்டிருப்பார்கள். வாஷரும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

கை வைக்கும் முன்

துப்பாக்கி கைக்கு வந்ததும், அது யாருடையதாக இருந்தாலும், அவர் என்ன சொன்னாலும், ஆள் இல்லாத பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு ரவை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏற்றிய நிலையில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். "காலித் துப்பாக்கிதான் தம்பி" என்று கொடுத்ததிலிருந்து நான் ரவை எடுத்திருக்கிறேன்.

பழைய துப்பாக்கிகளில் பேரல் திறந்திருக்கும்போது ட்ரிகர் விடாமல் தடுக்கும் பூட்டு பெரும்பாலும் இருக்காது. ஏற்றிய துப்பாக்கியில் ரவை வைக்கும்போது கொக்கி வழுக்கினால் பேரல் கத்திரி மாதிரி வந்து மூடும். விரல் போய்விடும். அதனால் ரவை வைக்கும் நேரம் முழுவதும் இன்னொரு கையால் பேரலை இறுகப் பிடித்திருக்க வேண்டும். கடை போடுகிறவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் ரவை போட்டுக் கொடுக்கிறார்கள்.

எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது

திறப்பதற்கு முன்னால் மூன்று சோதனை செய்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

முதலாவது காகிதச் சோதனை. ஒரே மாதிரி நோட்டுத் தாள்களைக் கட்டாகச் சேர்த்துக் கட்டி, பின்னால் மணல் மூட்டை வைத்து, 3 மீட்டர் தள்ளி நின்று சுடுங்கள். எத்தனை தாள் துளைந்தது என்று எண்ணுங்கள். ஐந்து ரவை சுட்டு ஐந்தையும் எழுதுங்கள். வேலை முடிந்தபின் அதே தாள், அதே தூரம், அதே ரவை வைத்துச் சுட்டுப் பார்த்தால் உங்கள் வேலை பலித்ததா என்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. பின்னால் தகரமோ சுவரோ வைக்காதீர்கள், ரவை திரும்பி வரும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பேரலும் சிலிண்டரும் சேரும் இடத்தின் மேல் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுச் சுடுவது. காகிதம் துள்ளினால் காற்று அங்கே கசிகிறது. அப்படியென்றால் முதலில் மாற்ற வேண்டியது அந்த மூட்டு வாஷர். பத்து நிமிட வேலை, துப்பாக்கியைப் பிரிக்கவே வேண்டாம்.

மூன்றாவது காது. நல்ல வாஷர் உள்ள துப்பாக்கி 'தப்' என்று அடக்கமாகச் சத்தம் கொடுக்கும். வாஷர் போனது 'டங்' என்று இரும்புச் சத்தம் போடும், கன்னத்தில் அதிர்வு தெரியும். ஒடிக்கும்போது உள்ளே கரகரவென்று அரைத்தால் ஸ்பிரிங் ஒடிந்திருக்கலாம். ஒடிந்த ஸ்பிரிங் இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று திருகிக்கொண்டு, வேலை செய்வதுபோலவே இருக்கும். சத்தம்தான் காட்டிக்கொடுக்கும்.

பிரிப்பது

ஸ்க்ரூ டிரைவரில்தான் பாதிப் பேர் துப்பாக்கியைக் கெடுக்கிறார்கள். பழைய திருகின் பள்ளம் குறுகலாக இருக்கும். நம் டிரைவரின் முனை ஆப்புபோல் சரிவாக இருக்கும். அழுத்தினால் பள்ளத்தைப் பிய்த்துவிடும். ஒரு மலிவான டிரைவரை எடுத்து, பள்ளத்துக்குள் ஆடாமல் அடிவரை போய் உட்காரும்படி அரத்தால் ராவிக்கொள்ளுங்கள். அசையாத திருகுக்கு முந்தின நாள் இரவே துரு எண்ணெய் விட்டு வையுங்கள். சில துப்பாக்கிகளில் பழைய இங்கிலீஷ் மரை இருக்கும், சிலவற்றில் மில்லிமீட்டர் மரை. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றுக்கு மற்றொன்று ஏறாது. எந்தத் திருகு எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று அட்டையில் படம் வரைந்து, அதிலேயே குத்தி வைத்துவிடுங்கள்.

முன்பக்கம் இரண்டு, ட்ரிகர் வளையத்தில் ஒன்றோ இரண்டோ திருகு கழற்றினால் மரக்கட்டை தனியே வந்துவிடும். இதுவரை ஆபத்து இல்லை. இதற்கு அப்புறம்தான் கவனம்.

துப்பாக்கி ஏற்றாமல் இருக்கும்போதும் உள்ளே ஸ்பிரிங் நசுங்கியேதான் இருக்கிறது. பின்மூடியைப் பிடித்திருக்கும் ஆணியை உருவினாலோ மரையைத் திருகிக் கழற்றினாலோ அந்த மூடி முகத்தைப் பார்த்துப் பாயும். கையாலோ, வயிற்றில் முட்டுக் கொடுத்தோ இதைச் செய்யக்கூடாது. தச்சர்கள் கதவுச் சட்டத்தை இறுக்குவதற்கு ஒரு நீளக் கிளாம்ப் வைத்திருப்பார்கள், அது போதும். ஒரு முனையில் பேரல் பக்கம் மரத்துண்டு, மறுமுனையில் பின்மூடிக்கு நடுவில் குடைந்த மரத்துண்டு. லேசாக இறுக்கி, ஆணி தளர்ந்ததும் உருவி, பிறகு கிளாம்பைச் சுற்றுச் சுற்றாகத் தளர்த்துங்கள். ஸ்பிரிங் மெதுவாக நீண்டு, தானாகச் சோர்ந்து நிற்கும். நான் பார்த்தவற்றில் இரண்டு அங்குலம் வரைகூட நீண்டிருக்கிறது. கிளாம்பின் திருகு அதைவிட அதிகம் ஓடுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கிளாம்பின் நேர்க்கோட்டில் உங்கள் தலை இருக்கக்கூடாது.

நம் ஊரில் புழங்கும் துப்பாக்கிகளில் பல, ஜெர்மனியின் டயானா கம்பெனி மாதிரியைப் பார்த்துச் செய்தவை. ராஸ்டாட் என்ற ஊரில் 1890-இல் தொடங்கிய கம்பெனி அது. அவர்களுடைய பழைய 27, 35 மாடல்களில் கொக்கிக்குப் பதிலாக மூன்று சின்ன எஃகு உருண்டைகள் பிஸ்டன் தண்டின் கழுத்தைப் பிடித்து நிறுத்தும். அந்த வகை உங்கள் கையில் வந்தால், பின்பக்கத்தைக் கழற்றும்போது கீழே வெள்ளைத்துணி விரித்துக்கொள்ளுங்கள். மூன்றும் உதிரும். நான் முதல்முறை பிரித்தபோது இரண்டு உருண்டைதான் கிடைத்தது. மூன்றாவது கடை வாசல் சாக்கடைக்குள் போய்விட்டது. அன்று நான் கற்றது: மூன்றில் ஒன்று தொலைந்தாலும் தேய்ந்தாலும் மூன்றையும் மாற்ற வேண்டும். மிஞ்சியதை வெர்னியரில் அளந்து, பேரிங் கடையில் அதே அளவில் ஒரே பாக்கெட்டிலிருந்து மூன்று வாங்குங்கள். ஒன்று மட்டும் மயிரிழை பெரிதாக இருந்தால் பாரம் முழுவதும் அதன் மேல் விழும்.

ஸ்பிரிங் வெளியே வந்ததும், பேரல் மூட்டின் போல்ட்டைக் கழற்றி, ஒடிக்கும் கம்பியைக் காடியிலிருந்து விடுவித்தால் பிஸ்டன் பின்பக்கமாக வழுக்கி வந்துவிடும்.

தோல்

பிஸ்டனின் முனையைப் பாருங்கள். கிண்ணம்போல் இருக்க வேண்டிய தோல் விளிம்பு உள்பக்கம் சுருண்டு, கறுத்து, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்கிறதா? அதுதான் நோய். வெறுமனே காய்ந்து மட்டும் இருந்து, விளிம்பு முழுசாக இருந்தால், எண்ணெயில் ஒரு நாள் ஊறவைத்துப் பாருங்கள். பல தோல் உயிர் பிழைத்துக்கொள்ளும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு வழி. இன்னும் விற்பனையில் இருக்கும் மாடலாக இருந்தால் ரெடிமேட் வாஷர் கிடைக்கும். இல்லையென்றால் நாமே செய்ய வேண்டும். அளவு ஒத்துவந்தால் சைக்கிள் பம்ப் வாஷரோ மண்ணெண்ணெய் ஸ்டவ் பம்ப் வாஷரோ சின்னத் துப்பாக்கிகளுக்கு ஓரளவு ஓடும். ஆனால் அவை மெல்லிய தோல், ஒரு திருவிழாவுக்குத்தான் தாங்கும். நாமே செய்வது நான்கு வருஷம்கூட வருகிறது.

தோல் வாங்கும்போது மரப்பட்டையில் பதனிட்டதாகக் கேளுங்கள். நம் நாட்டு வழக்கத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்துவார்கள். அந்தத் தோல் பழுப்பு நிறத்தில், வெட்டிய விளிம்பிலும் உள்வரை அதே நிறமாக இருக்கும். நனைத்து வடிவம் கொடுத்தால் காய்ந்தபின் அப்படியே நிற்கும். குரோம் போட்ட தோல் வெட்டிய இடத்தில் நீலச்சாயல் காட்டும், ரப்பர் மாதிரித் துவளும், கிண்ணமாக நிற்காது. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக இருக்கிறது. அங்கே போகிற வேலை இருந்தால் கையோடு ஒரு துண்டு வாங்கி வந்துவிடலாம். செருப்புத் தைக்கிறவரிடம் அடித்தோல் வெட்டிய மிச்சம் கேட்டாலும் கொடுப்பார். 3 மி.மீ கனம் சரியாக இருக்கும்.

இப்போது அளவு. சிலிண்டரின் உள்விட்டம் 25 மி.மீ என்று வைத்துக்கொள்வோம். தோல் இரண்டு பக்கமும் 3, 3 மி.மீ எடுத்துக்கொள்ளும், மிச்சம் 19. ஆகவே லேத்தில் 25 மி.மீ ஓட்டை போட்ட நைலான் வளையம் ஒன்று, 19 மி.மீ உருளைத் துண்டு ஒன்று கடைந்து வாங்குங்கள். இரண்டின் விளிம்பும் மழுங்கலாக இருக்க வேண்டும், கூராக இருந்தால் தோலை வெட்டிவிடும். உங்கள் சிலிண்டர் வேறு அளவு என்றால் இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தோலில் 38 மி.மீ வட்டம் வெட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் போடுங்கள். முதலில் குமிழி குமிழியாக மூச்சு விடும். குமிழி நின்றால் தண்ணீர் உள்வரை போய்விட்டது என்று அர்த்தம். கொதிக்கிற தண்ணீர் ஆகாது, தோல் சுருங்கிக் கல்லாகிவிடும். எடுத்துத் துணியில் ஒற்றி, வளையத்தின் மேல் நடுவாக வைத்து, உருளையை மேலே நிறுத்தி, பெஞ்ச் வைஸில் வைத்து மெல்ல மெல்ல இறுக்குங்கள். கால் சுற்று, கொஞ்சம் பொறுத்து இன்னும் கால் சுற்று. அவசரப்பட்டால் ஒரு பக்கம் மடிப்பு விழும். மடிப்பு விழுந்த வாஷர் அந்த இடத்தில் கட்டாயம் கசியும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டுங்கள்.

அப்படியே நிழலில் இரண்டு நாள். மதுரை வெயிலில் வைத்தால் ஒரே மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று ஆசை வரும், வைக்காதீர்கள், விளிம்பு வெடிக்கும். காய்ந்தபின் அச்சிலிருந்து தட்டி எடுத்தால் கையில் ஒரு குட்டிக் கிண்ணம் இருக்கும். விளிம்பைப் புது பிளேடால் ஒரே மட்டமாக வெட்டுங்கள், 6 மி.மீ உயரம் விடுங்கள். அடியில் நடுவில் திருகுக்கு ஓட்டை. பிறகு எண்ணெயில் ஓர் இரவு.

என்ன எண்ணெய்? மாட்டின் காலெலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய்தான் இதற்குச் சிறந்தது, ஆன்லைனில் கிடைக்கிறது. சிலிக்கான் எண்ணெயும் சரி. அப்பா விளக்கெண்ணெய்தான் போடுவார். அது தோலுக்கு நல்லதுதான். ஆனால் துப்பாக்கி மாதக்கணக்கில் பரணில் கிடந்தால் பிசினாக இறுகி, பிஸ்டன் ஒட்டிக்கொள்கிறது. தையல் மெஷின் எண்ணெய், என்ஜின் ஆயில் இரண்டும் வேண்டவே வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஊறிய வாஷரைத் துடைத்து, கிண்ணத்தின் வாய் முன்பக்கம் பார்க்கும்படி பிஸ்டனில் மாட்டுங்கள். காற்று நசுங்கும்போது அந்த விளிம்பை வெளியே தள்ளிச் சுவரோடு ஒட்ட வைக்க வேண்டும், அதற்குத்தான் அந்த வடிவம். திருப்பி மாட்டினால் காற்று விளிம்பை மடக்கிக்கொண்டு ஓடிவிடும். திருகில் மரை பசை ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். உள்ளே திருகு கழன்றால் சிலிண்டர் பாழ்.

சிலிண்டருக்குள் போடும் முன் ஒரு வேலை இருக்கிறது. பலர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, புது வாஷர் ஒரு வாரத்தில் போய்விட்டதே என்று வருவார்கள். சிலிண்டரின் அடியில் ஒடிக்கும் கம்பிக்காக நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கும். அந்தக் காடியின் ஓரம் உள்பக்கம் பிளேடுபோல் இருக்கும். விரலை மெதுவாக ஓட்டினாலே தெரியும். வாஷர் அதைக் கடந்துதான் உள்ளே போயாக வேண்டும். அந்த ஓரத்தைச் சின்ன அரத்தாலும் பிறகு பொடி எமரியாலும் மழுக்குங்கள். சிலிண்டர் உள்ளே துரு இருந்தால் குச்சியில் பொடி எமரி சுற்றித் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, ஈரம் ஒரு துளி இல்லாமல் துடையுங்கள். பின்பு பிஸ்டனை நுழைத்து, காடி வரும் இடத்தில் ஒரு மழுங்கிய ஐஸ்கிரீம் குச்சியால் தோலை உள்ளே அழுத்திக்கொண்டே கடத்துங்கள்.

சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? பிஸ்டன் தன் எடையில் தானாக விழக்கூடாது, விரலால் தள்ளினால் நகர வேண்டும். சுத்தியல் கேட்டால் தோல் கனம் அதிகம். பொடி எமரித் தாளில் வெளிப்புறத்தைக் கொஞ்சம் தேயுங்கள்.

ஸ்பிரிங்

வெளியே எடுத்த ஸ்பிரிங்கைக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். நேராக உருண்டால் நல்லது. நொண்டினால் வளைந்திருக்கிறது. புது ஸ்பிரிங்கே கொஞ்ச நாளில் சிறிது நீளம் குறையும், அது இயல்பு. ஒடிந்ததையும் நன்றாக வளைந்ததையும் மட்டும் மாற்றுங்கள்.

மாற்றும்போது பழையதன் ஐந்து அளவு வேண்டும்: கம்பியின் கனம், வெளிவிட்டம், உள்விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, மொத்த நீளம். "இதே மாதிரி கொடுங்க" என்று சொல்லி வாங்கக்கூடாது. நான் ஒரு தடவை அப்படித்தான் சுருட்டக் கொடுத்தேன். பழையது 3 மி.மீ கம்பி, 36 சுற்று. செய்து கொடுத்தவர் நல்ல பலமாக இருக்கட்டும் என்று 3.5 மி.மீ கம்பி போட்டுவிட்டார், சுற்று அதே 36. நானும் அளக்காமல் மாட்டினேன். பேரலை ஒடித்தேன், பாதியில் நின்றது. இன்னும் அழுத்தினேன், ஒடிக்கும் கம்பி வளைந்துவிட்டது. உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. ஸ்பிரிங் முழுவதும் நசுங்கினால் கம்பி கனம் பெருக்கல் சுற்று எண்ணிக்கை, அவ்வளவு இடம் எடுக்கும். 3 மி.மீ கம்பிக்கு 108 மி.மீ. 3.5 மி.மீ கம்பிக்கு 126 மி.மீ. அந்தத் துப்பாக்கியில் ஏற்றிய நிலையில் இருந்த இடம் 115 மி.மீ-தான். அன்றிலிருந்து இந்தப் பெருக்கலைப் போடாமல் எந்த ஸ்பிரிங்கையும் உள்ளே விடுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பலமான ஸ்பிரிங் போட்டால் அடி கூடும் என்பதும் பெரும்பாலும் நடப்பதில்லை. உதை கூடும், குறி தவறும், பழைய கட்டையில் கீறல் விழும், கொக்கி சீக்கிரம் தேயும். பலூன் உடைவதற்கு அவ்வளவெல்லாம் தேவையும் இல்லை. ஸ்பிரிங்கின் இரண்டு முனையும் மட்டமாகச் சாணை பிடித்திருக்க வேண்டும். சரிவாக இருந்தால் ஒரு பக்கமாக முட்டி, பிஸ்டனைச் சிலிண்டரில் தேய்த்துக்கொண்டே போகும்.

மூட்டு வாஷரும் மற்றவையும்

பேரலின் பின்முனையில் இருக்கும் சின்ன வாஷர் சிலவற்றில் தோல், சிலவற்றில் ரப்பர் வளையம். ரப்பர் என்றால் ஹைட்ராலிக் சாமான் கடையில் நைட்ரைல் ஓ-ரிங் கேளுங்கள். உள்விட்டமும் வளையத்தின் கனமும் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். மாட்டியபின் அது இரும்பு முகத்தைவிட ஒரு விசிட்டிங் கார்டு கனம் மேலே துருத்தியிருக்க வேண்டும். பள்ளத்தில் அமுங்கி இருந்தால் அடியில் காகித வட்டம் ஒன்று வெட்டி வையுங்கள். அதிகம் துருத்தினால் பேரல் மூடாது.

பேரல் மூட்டு போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு ஒரு சோதனை. ஸ்பிரிங் போடும் முன் பேரலைப் பாதி ஒடித்துக் கையை விடுங்கள். விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். தொங்கி விழுந்தால் இறுக்கம் போதாது. இந்த ஆட்டம்தான் குறி சுற்றிச் சுற்றிப் போவதற்குக் காரணம். பலர் குறி பார்க்கும் முள்ளைக் குறை சொல்வார்கள்.

ட்ரிகர் பாகங்களைக் கழுவலாம், அதன் குட்டி ஸ்பிரிங்கை மாற்றலாம். கொக்கியின் கடி முகத்தை அரத்தால் தொடவே கூடாது. தேய்ந்து வழுக்குகிற கொக்கிக்கு ஒரே மருந்து வேறு கொக்கிதான். அதற்காகத்தான் எங்கள் கடையில் ஓடாத பழைய துப்பாக்கி இரண்டை உதிரிக்கென்றே வாங்கிப் போட்டிருக்கிறோம். ஆனால் ஒன்றிலிருந்து கழற்றியது இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தும் என்று எண்ணாதீர்கள். வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு துப்பாக்கிகளில் ஆணி ஓட்டை அரை மில்லி தள்ளியிருக்கும். மாற்றுக் கொக்கி கிடைக்காவிட்டால் அந்தத் துப்பாக்கியைக் கடையில் வைக்க வேண்டாம் என்று உடைமைக்காரரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். திருவிழாக் கூட்டத்தில், குழந்தைகள் நடுவில், தானாக விடுகிற துப்பாக்கி இருக்கக்கூடாது.

திரும்பப் பூட்டுவது

ஸ்பிரிங்குக்கும் பிஸ்டனின் பின்பாதிக்கும் மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ், விரலில் தொட்டுப் பூசுகிற அளவு. பூட்டும்போது வாஷருக்கு முன்னால் எதுவும் பூசக்கூடாது. தையல் மெஷின் எண்ணெயும் என்ஜின் ஆயிலும் வேண்டாம் என்றேனே, இப்போது அந்தக் காரணம்: காற்று வேகமாக நசுங்கினால் சூடேறும். அந்தச் சூட்டில்தான் டீசல் பம்ப்செட் பிளக் இல்லாமலே ஓடுகிறது. சிலிண்டரின் முன்பக்கம் எரிகிற எண்ணெய் இருந்தால் துப்பாக்கிக்குள்ளும் அதே நடக்கும். 'படார்' என்று வெடித்துப் புகை வரும். அடி கூடிவிட்டது என்று கடைக்காரர் சந்தோஷப்படுவார். ஆனால் அந்த வெடி பிஸ்டனைப் பின்னால் எத்தி ஸ்பிரிங்கை ஒடிக்கும்.

உருண்டை வகைத் துப்பாக்கியில் மூன்று உருண்டையையும் அவற்றின் குழிகளில் கெட்டி கிரீஸ் வைத்து ஒட்டுங்கள். நடுங்காத கை வேண்டும். ஒரு குழியில் கிரீஸ், உருண்டை, மேலே இன்னும் கொஞ்சம் கிரீஸ். மூன்றும் உட்கார்ந்ததும் செல்போன் வெளிச்சம் அடித்து எண்ணிப் பார்த்து, வெளி உறையை மாட்டி, கிளாம்பில் வைத்து நேராக உள்ளே தள்ளுங்கள். நேராகப் போகவில்லை, எங்கோ முட்டுகிறது என்று கை சொன்னால் அழுத்தாதீர்கள், வெளியே எடுத்து மறுபடி எண்ணுங்கள்.

பூட்டியதும் ஏற்றி, மணல் மூட்டையை நோக்கிப் பிடித்து, ட்ரிகரைத் தொடாமல் கட்டையின் அடியில் உள்ளங்கையால் நான்கு தட்டுத் தட்டுங்கள். கொக்கி விடக்கூடாது. அப்புறம் ரவை போட்டுச் சுடுங்கள். முதல் நான்கைந்து ரவைக்கு லேசாகப் புகை வரும், தோலில் மிச்சமிருக்கும் எண்ணெய். பத்து, பதினைந்து ரவைக்கு அப்புறம் சத்தம் அடங்கி, 'தப்' என்று வரும். அப்போது காகிதச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

ஒரு தடவை சுட்ட ரவையைப் பொறுக்கித் திரும்பப் போடக்கூடாது, இரும்புக் குண்டும் கூடாது, பேரல் உட்புறம் கீறிவிடும். ரவை ஈயம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் டீயைத் தொட வேண்டும். குருவி, புறா, மைனா என்று யாராவது ஆசையோடு பேச்செடுத்தால் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பறவை சுடுவது குற்றம். அதைவிட, நம் கையால் சரிசெய்த ஒன்று அதற்குப் போகக்கூடாது.

திருவிழா முடிந்து ஆடி மாதம் பரணில் ஏற்றும் முன் துப்பாக்கி ஏற்றிய நிலையில் இல்லை என்று பாருங்கள். பேரலின் வெளிப்புறத்தை எண்ணெய்த் துணியால் துடைத்து, பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் ஐப்பசி மழையில் உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும். வாஷருக்கு இரண்டு சொட்டு நீட்ஸ்ஃபுட் அல்லது சிலிக்கான் எண்ணெய், துப்பாக்கியை மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, காற்றுத்துளை வழியாக விடுங்கள். மாற்றிய பாகங்களின் அளவை ஒரு சீட்டில் எழுதி, கட்டையின் அடித்தகட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். பழைய வாஷரை உடனே எறியாதீர்கள். புதியது ஒரு திருவிழாவைத் தாண்டும்வரை, அதுவும் அந்தச் சீட்டோடு சேர்ந்து உள்ளேயே இருக்கட்டும்.